வெள்ள மீடிறன்: சொல்லும் அதற்குள் இருக்கும் கணக்கும்

இலங்கையில் தமிழில் கணிதம் படித்தவர்களுக்கு ‘மீடிறன் பரம்பல்’ பழகிய சொல். தமிழ்நாட்டில் புள்ளியியலில் ‘நிகழ்வெண்’ என்றும் இயற்பியலில் ‘அதிர்வெண்’ என்றும் எழுதுவதை நாம் மீடிறன் என்கிறோம். பிரித்தால் மீள் + திறன். நாள் + தோறும் ‘நாடோறும்’ ஆவதுபோல இங்கும் ளகரமும் தகரமும் சேர்ந்து ஒற்றை டகரமாகின்றன. மீண்டு வரும் தன்மை என்பது பொருள். ‘ஃபிரீக்குவென்சி’ என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேருக்குக் கூட்டம், நெருக்கம் என்றே பொருள். மீளுதல் அதில் இல்லை. வெள்ளத்துக்குத் தமிழ்ச் சொல்லே கூடப் பொருந்துகிறது. பழந்தமிழில் வெள்ளம் என்பது ஒரு பேரெண்ணின் பெயருமாகும் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வெள்ள மீடிறன் என்றால், ஓர் ஆற்றில் குறித்த அளவை எட்டும் அல்லது மிஞ்சும் பாய்ச்சல் (ஒரு செக்கனில் கடக்கும் நீரின் அளவு) எவ்வளவு அடிக்கடி வரக்கூடும் என்ற மதிப்பீடு. நாளைக்கு வெள்ளம் வருமா என்பது முன்னறிவிப்பு. அது வேறு வேலை. பாலத்தை எவ்வளவு உயர்த்துவது, வீதி மதகுக்கு எத்தனை கண் வைப்பது, குளத்து வானை (மிகைநீர் வழியும் இடத்தை) எவ்வளவு அகலமாக்குவது என்பவற்றுக்கு மீடிறன் தேவை.

இதன் துணைச் சொல் ‘ரிட்டர்ன் பீரியட்’. ஜேர்மனியில் பிறந்த கணிதவியலாளர் எமில் கும்பெல் 1941இல் வெளியிட்ட கட்டுரை அந்தச் சொல்லையே தலைப்பில் கொண்டது. தமிழில் ‘மீள்வருகைக் காலம்’ எனலாம். சொல் சரியானது, ஆனால் ‘காலம்’ என்ற பகுதி தவறான எண்ணத்தைத் தருகிறது. ‘நூறு வருட வெள்ளம் 2011இல் வந்துவிட்டது, இனி எங்கள் ஆயுளில் இல்லை’ என்று நம்பி, வெள்ளம் நின்ற காணியிலேயே தாழ்வாக அத்திவாரம் போடுகிறார்கள். நூறு வருட வெள்ளம் என்பது எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளம், அவ்வளவுதான். 30 ஆண்டு நிற்கும் வீடு அதை ஒருமுறையாவது காணும் வாய்ப்பு 26 சதவீதம் (0.99ஐ 30 தடவை பெருக்கி 1இலிருந்து கழித்தால் வரும்). 100 ஆண்டில் 63 சதவீதம். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் வந்தாலும் கணக்குப் பிழையில்லை. ஆகவே அறிக்கையில் ‘1 சதவீத ஆண்டு மீறல் நிகழ்தகவு’ என்று எழுதுவதே சரி.

ஊர்க் கூட்டத்தில் அந்தத் தொடர் செல்லாது. அங்கே சொல்ல நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: மாரி. மட்டக்களப்பு, அம்பாறை ஆறுகள் பெருகுவது நவம்பர் முதல் பெப்ரவரி வரையான மாரியில்தான். ‘ஒவ்வொரு மாரிக்கும் நூற்றில் ஒரு வாய்ப்பு’ என்றால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை விவசாயிக்கு உடனே விளங்கும். இது பேச்சு வசதிக்கு மட்டுமல்ல, கணக்கும் மாரியை வைத்துத்தான் போடவேண்டும். ஜனவரி முதல் டிசம்பர் வரை ஓர் ஆண்டு என்று எடுத்தால், டிசம்பர் கடைசியில் ஏறி ஜனவரி தொடக்கம் வரை நின்ற ஒரே வெள்ளம் இரண்டு ஆண்டுகளின் உச்சமாக இரண்டு தடவை பதிவாகும். 2011இல் ஜனவரியிலும் பெப்ரவரியிலும் மட்டக்களப்பு மூழ்கியது; இரண்டும் ஒரே மாரியைச் சேர்ந்தவை, அதனால் பெரியது மட்டுமே பட்டியலில் ஏறும். ஒக்டோபர் 1 முதல் செப்டெம்பர் 30 வரையான நீராண்டு ஒரு மாரியை முழுதாக அடக்குகிறது. அமெரிக்க நீராண்டும் இதே என்பதால் அங்கு செய்த மீடிறன் மென்பொருளோடு இந்த இடத்தில் முரண்பாடு வராது.

அந்த மென்பொருள்களில் பரவலாகப் பயன்படுவது ஹெக்-எஸ்எஸ்பி. அமெரிக்க இராணுவப் பொறியியற் படையின் நீரியல் மையம் செய்தது, இலவசம். அது பின்பற்றும் முறை 2018இல் வெளியான ‘புல்லட்டின் 17சி’ என்ற அமெரிக்க வழிகாட்டி. ஆண்டு உச்சப் பாய்ச்சல்களின் மடக்கையை எடுத்து, பியர்சன் மூன்றாம் வகைப் பரம்பலைப் பொருத்துவது அதன் சாரம். பட்டியலை எக்செல் தாளிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு நீராண்டுக்கு ஓர் உச்சம், அலகு செக்கனுக்குக் கனமீற்றர்.

இதில் மாட்டிவிடும் முதல் இடம் ஓராயம். இது பரம்பல் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பதைக் காட்டும் எண். மென்பொருள் ‘பிராந்திய ஓராயம்’ கேட்கும். அமெரிக்கப் பகுதிகளுக்குக் கணித்த எண்ணை மட்டக்களப்பின் முந்தேனி ஆற்றுக்குப் போடக்கூடாது. பதிவிலிருந்தே கணிக்கும் ‘நிலைய ஓராயம்’ என்பதைத் தெரிந்தெடுக்கவேண்டும். இது சின்ன விடயமல்ல. எந்த ஆற்றுக்கும் உரியதல்லாத ஒரு கணக்கைப் பாருங்கள்: மடக்கைகளின் இடை 2.50, நியம விலகல் 0.30. ஓராயம் 0 என்றால் 1 சதவீத வெள்ளம் செக்கனுக்கு ஏறத்தாழ 1580 கனமீற்றர். ஓராயம் +0.4 ஆனால் 1925. −0.4 ஆனால் 1285. அதே ஆறு, அதே இடை, ஆனால் பாலத்தின் அளவே மாறிவிடுகிறது.

இரண்டாவது, வரட்சி ஆண்டுகள். மாரி பொய்த்த ஆண்டின் மிகச் சிறிய உச்சம் மடக்கையில் வெகுதூரம் கீழே போய், கோட்டின் மேல்முனையையும் வளைத்துவிடும். 17சியில் உள்ள பன்மடங்கு கிரப்ஸ்-பெக் சோதனை அவற்றைத் தானே அடையாளம் கண்டு ஒதுக்கும். அதை அணைத்து வைக்கவேண்டாம்.

பதிவில்லாத ஆண்டுகளுக்குப் பூச்சியம் எழுதுவது மிகப் பெரிய பிழை. பூச்சியம் என்றால் ‘வெள்ளம் வரவில்லை’ என்று பொருள், ‘தெரியாது’ என்று பொருளல்ல. அந்த ஆண்டுகளுக்கு உணர்வெல்லையின் (வந்திருந்தால் பதிவாகியிருக்கக்கூடிய பாய்ச்சலின் வீச்சு) கீழும் மேலும் முடிவிலி என்று கொடுத்தால் மென்பொருள் அவற்றைத் தகவலற்றவையாகக் கொள்ளும். போர்க்காலத்தில் அளவீடு விடுபட்ட இடங்களுக்கு இதுவே வழி. மாறாக, 1957 டிசம்பர்ப் பெருவெள்ளத்தின் உயரம் ஒரு சுவரிலோ கோயிற் படியிலோ நம்பத்தக்க விதமாகத் தெரிந்தால், அளவுகோல் நடும் முன்பே நடந்திருந்தாலும் அதைச் சேர்க்கலாம். இடைப்பட்ட ஆண்டுகளில் அதை மிஞ்சியது வந்திருந்தால் ஊர் மறந்திருக்காது. எனவே அந்த ஆண்டுகளுக்குக் கீழெல்லை 1957இன் பாய்ச்சல், மேலெல்லை முடிவிலி. ஒரு பெரிய வெள்ளத்தோடு ‘அதற்கு மேல் வரவில்லை’ என்ற தகவலும் கணக்குக்குள் வருகிறது.

பட்டியலே பிழையானால் மென்பொருள் காப்பாற்றாது. பகலில் மட்டும் வாசிக்கும் அளவுகோல் இரவில் கடந்த உச்சத்தைத் தவறவிடும். ஆறு கரை மீறி வயலுக்குள் பரந்தபின், நீர்மட்டத்தைப் பாய்ச்சலாக மாற்றும் வளைகோடு செல்லாது. அதை நீட்டிப் பெற்ற எண்ணை ஒற்றை எண்ணாக அல்லாமல் ஒரு வீச்சாகக் கொடுங்கள், 17சி ஏற்கும். 1978 நவம்பர் 23 சூறாவளி தந்த மழையும் வழக்கமான மாரி மழையும் வேறு வேறு காரணங்களால் வந்தவை. அப்படிப்பட்ட உச்சங்கள் போதிய அளவில் இருந்தால் தனித்தனியாகப் பொருத்தி இணைக்க ‘கலப்புத் தொகுதி’ப் பகுதி உண்டு.

பட்டிப்பளை ஆறு, அதாவது கல் ஓயா, தனிக் கவனம் கேட்கிறது. 1949இல் இங்கினியாகலையில் வேலை தொடங்கி எழுந்த அணைக்கட்டு ஆற்றின் இயல்பையே மாற்றியது. அணைக்குக் கீழே பதிவான உச்சம் மழையை மட்டும் காட்டாது. வான் எப்போது பாய்ந்தது, எவ்வளவு திறந்தார்கள் என்பதையும் சேர்த்தே காட்டும். அணைக்கு முந்திய, பிந்திய ஆண்டுகளை ஒரே பட்டியலாக்கினால் வரும் கோடு எந்த ஆற்றையும் குறிக்காது. குளத்துக்குள் வரும் நீரின் கன அளவுக்கு மீடிறன் கணித்து, பிறகு அதைக் குளத்தினூடாகச் செலுத்திப் பார்ப்பதே முறை.

மட்டக்களப்பு வாவிக்கரையில் பாய்ச்சலின் மீடிறன் போதாது. முகத்துவாரம் மணலடைத்துக் கிடந்தால் சிறிய பாய்ச்சலும் உயர ஏறும். வெட்டித் திறந்திருந்தால் பெரிய பாய்ச்சலும் வடிந்துவிடும். அங்கே வேண்டியது ‘நீர்மட்ட மீடிறன்’. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் வரைஞர் தவறான எண்ணை எடுப்பார். அறிக்கையின் தலைப்பிலேயே எது என்று எழுதுங்கள்.

முடிவை எழுதும்போது ஒற்றை எண் வேண்டாம். மென்பொருள் 5, 95 சதவீத நம்பிக்கை எல்லைகளையும் தரும். 30 ஆண்டுப் பதிவில் 1 சதவீத வெள்ளத்துக்கு அவற்றின் இடைவெளி மிக அகலம். பாய்ச்சல், இரண்டு எல்லைகள், எத்தனை நீராண்டுகள், எந்த ஓராயம் என்ற நான்கும் ஒரே வரியில் வரட்டும்.