மூச்சு வாங்கினால் தூக்க மாத்திரையா?

போன வாரம் மறுபடியும் ஒருவர். பீடியால் நுரையீரல் கெட்டு, பல வருடமாக சிஓபிடிக்கு (மூச்சுக்குழாய் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) இன்ஹேலர் எடுப்பவர். ராத்திரி மூச்சு திணறி, வியர்த்துப்போய், "செத்துருவேன் போலிருக்கு" என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறார். "எல்லாம் மனசுதான்ப்பா" என்று மகன், அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த அல்பிரசோலம் என்ற, பதற்றத்தைத் தணித்துத் தூங்கவைக்கும் மாத்திரையில் ஒன்றைக் கொடுத்துவிட்டார். விடிகாலையில் எழுப்பினால் எழவில்லை. "நல்லா தூங்குறார்னு நினைச்சோம் சார்" என்றார்கள். அது தூக்கமில்லை. மாத்திரை மூச்சை அடக்கியதால் உடம்பில் கரியமில வாயு தேங்கி வந்த மயக்கம்.

இந்த "எல்லாம் மனசுதான்" என்ற பேச்சை எத்தனை முறை கேட்பது? நோய் நுரையீரலில் இருக்கிறது. சுருங்கிய குழாய் வழியே காற்று வெளியே போக நேரம் பிடிக்கும். பயந்தால் மூச்சு வேகமாகும். பழைய காற்று போவதற்குள் அடுத்த மூச்சை இழுக்கிறார், உள்ளே இடமில்லை. திணறல் கூடுகிறது, பயமும் கூடுகிறது. நடிப்பும் இல்லை, கோழைத்தனமும் இல்லை.

அப்புறம் அந்த எண்ணங்கள். "குளித்தால் இளைக்கும்", "படி இறங்கினால் திரும்ப ஏற முடியாது". ஒவ்வொன்றாக விட்டுவிட்டு கட்டிலோடு இருந்தால் கால் தசை கரையும். பத்தடிக்கே மூச்சு வாங்கும். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்பார். கொரோனாவுக்குப் பிறகு விரலில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் வேறு, நிமிடத்துக்கு ஒரு முறை. கரியமில வாயு தேங்கும் நோயாளிக்கு ஆக்சிஜன் வைக்கும்போது நாங்களே அந்த அளவு 88 முதல் 92 சதவீதம் வரைதான் குறி வைப்போம். 98 வேண்டும் என்று வீட்டில் மெஷினைத் திருகாதீர்கள். இன்ஹேலரில் வரும் சால்பியூட்டமால் மருந்து அதிகமானாலும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அதையும் மாரடைப்பென்று பயப்படுகிறார்கள்.

திணறல் வந்தால் சொல்லிக்கொடுத்த அளவில் இன்ஹேலர் எடுங்கள். உட்கார்ந்து முன்னால் குனிந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றுங்கள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல இரு மடங்கு நேரம் மெதுவாக விடுங்கள். முகத்தில் மின்விசிறிக் காற்று படட்டும். வீட்டார் சுற்றி நின்று கேள்வி கேட்காதீர்கள், பதில் சொல்லவும் மூச்சு வேண்டும். திணறல் அடங்காவிட்டாலோ, உதடு நீலமானாலோ, பேச்சு குழறினாலோ, அரைத் தூக்கமாக இருந்தாலோ 108.

தயவுசெய்து அடுத்த முறை வரும்போது சளியை மட்டும் சொல்லாமல் பயத்தையும் சொல்லுங்கள். அதற்கும் மனநல ஆலோசனை, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் மூச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி, தேவைப்பட்டால் மூச்சை அடக்காத மருந்து எல்லாம் உண்டு. பக்கத்து வீட்டு மாத்திரை வேண்டாம்.