கண்ணாடிச் சீட்டைப் பார்த்து டோரிக் லென்ஸ் முடிவு செய்யாதீர்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். வேறோர் இடத்தில் கண்புரை ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. கூடுதல் பணம் கட்டி, சிலிண்டர் குறையையும் சேர்த்துத் திருத்தும் டோரிக் லென்ஸைக் கண்ணுக்குள் வைத்திருக்கிறார். லென்ஸ் நடுவில் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் எழுத்துகள் நிழலடிக்கின்றன. பழைய கண்ணாடியில் சிலிண்டர், அதாவது வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாததால் வரும் குறையின் அளவு, 1.75 இருந்ததாம், அதனால் டோரிக் என்றார்களாம். கருவிழியை அளந்து பார்த்தால் சிலிண்டர் அரை டயாப்டர்கூட (கண்ணாடிப் பவரின் அலகு) இல்லை. இல்லாத குறையைத் திருத்தப்போய்ப் புதிதாக ஒன்றை உண்டாக்கியிருக்கிறார்கள். இப்படி எத்தனை பேரைப் பார்ப்பது?

“என் கண்ணாடியில சிலிண்டர் இருக்கு, எனக்கு டோரிக்தானே டாக்டர்?” இது ஒரு கேள்வி. “எனக்குச் சிலிண்டரே இல்லையே, எதுக்கு அந்த லென்ஸ்?” இது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே தவறான நம்பிக்கை. அதைப் பொறுமையாகவே சொல்கிறேன்.

கண்ணாடியில் எழுதும் சிலிண்டர் இரண்டு இடங்களின் கூட்டுக்கணக்கு: ஒன்று கருவிழி, மற்றது உள்ளே இருக்கும் உங்கள் சொந்த லென்ஸ். புரை விழுந்த அந்த லென்ஸைத்தான் எடுத்துவிடப் போகிறோம். அதோடு அதன் பங்கும் போய்விடும். மிஞ்சுவது கருவிழியின் பங்கு மட்டும். கருவிழியில் 1.5, லென்ஸில் அதற்கு நேர் எதிராக 1.5 இருந்தால் கண்ணாடியில் சிலிண்டர் பூஜ்யம். லென்ஸை எடுத்த மறுநாள் அந்த 1.5 வெளியே வந்து நிற்கும். “ஆபரேஷன் கெடுத்துவிட்டது” என்பார்கள். கெடவில்லை. அது முன்பே இருந்தது, யாரும் அளக்கவில்லை.

ஆகவே அளக்க வேண்டியது கருவிழியை, அதுவும் அமைதியாக இருக்கும் கண்ணில். கண் அழுத்தம் பார்க்க மரத்துப்போகும் சொட்டு விட்டு, கருவியால் கருவிழியைத் தொட்ட பிறகு எடுத்த அளவை நான் ஏற்பதில்லை. உலர்ந்த கண்ணில் எண்கள் ஒவ்வொரு தடவையும் மாறும். முதலில் அதற்கு மருத்துவம், பிறகு அளவு. கண்ணில் சதை வளர்ந்து கருவிழியை இழுத்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அதை முதலில் எடுத்து, கருவிழி நிலைப்படும்வரை காத்திருக்க வேண்டும்.

சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. லென்ஸ் பவர் கணக்கிட அளவெடுக்கும் பயோமெட்ரி கருவி ஓர் ஆக்ஸிஸ் (சிலிண்டர் இருக்கும் திசை), கருவிழியின் வளைவைப் படமாக்கும் டோப்போகிராபி வேறோர் ஆக்ஸிஸ் காட்டினால் சராசரி போடாதீர்கள். நோயாளியைத் திரும்ப வரச்சொல்லுங்கள். கருவிழியின் பின்பக்கத்தையும் மறக்காதீர்கள். அமெரிக்கக் கண் மருத்துவர் டக்ளஸ் காக் குழு 2012-இல் சொன்னதுதான்: பின்பக்கம் சராசரியாக 0.3 டயாப்டர் பங்கு வகிக்கிறது. முன்பக்கத்தை மட்டும் நம்பினால், செங்குத்து வளைவு அதிகமான கண்ணில் கூடுதலாகத் திருத்துவோம், கிடைவளைவு அதிகமான கண்ணில் குறைவாகத் திருத்துவோம். ஆக்ஸிஸ் விஷயத்தில் அலட்சியமே கூடாது. லென்ஸ் 10 டிகிரி திரும்பினால் பலனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 30 டிகிரி திரும்பினால் சிலிண்டரைக் குறைக்கும் பலன் எதுவுமே மிஞ்சாது. படுத்தால் கண் கொஞ்சம் சுழலும், உட்காரவைத்தே குறியிடுங்கள்.

இனி உங்களுக்கு. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அதை மறைக்காதீர்கள். “நேத்து ராத்திரிதான் கழட்டினேன்” என்று அளவு எடுத்து முடித்த பிறகு சொல்வதில் யாருக்கு லாபம்? மென்மையான லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கடினமான லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரமோ அதற்கு மேலுமோ நிறுத்த வேண்டும். அளவு எடுக்கும் நாளில் மருத்துவர் சொல்லாத எந்தச் சொட்டும் விட்டுக்கொண்டு வராதீர்கள். முன்பு லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றியவர்கள் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

தயவுசெய்து இன்னொன்று. மறுபடி அளக்க வரச்சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். “பையனுக்கு லீவு இல்லை, நாளைக்கே முடிச்சிடுங்க” என்று நெருக்காதீர்கள். சாதாரணக் கண்புரை ஒரு வாரம் தள்ளிப்போவதால் ஒன்றும் ஆகிவிடாது. டோரிக் என்று சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: “என் கருவிழியில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை முறை அளந்தீர்கள்?” பதில் கண்ணாடிச் சீட்டிலிருந்து வந்தால், அன்றைக்குத் தேதி குறிக்காமல் எழுந்து வாருங்கள்.