பட்டினா: களிம்பா, துருவா, பழுப்பா?

பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் பேசும்போது ஓயாமல் காதில் விழும் சொல் பட்டினா. காலம் ஒரு பொருளின் மேற்பரப்பில் ஏற்றும் நிறத்துக்கு அந்தப் பெயர். "பட்டினா அப்படியே இருக்கிறது" என்றால் மகிழ்ச்சி. "யாரோ பட்டினாவைத் தேய்த்துவிட்டார்கள்" என்றால் துக்கம். ஒரு பழைய வின்செஸ்டர் ரைஃபிளின் விலை இந்த ஒரு சொல்லால் ஏறும், இறங்கும். தமிழில் அதை எழுத உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது களிம்பு. அது பொருந்துகிறதா என்று பார்க்க, சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

லத்தீனில் பட்டினா என்றால் ஆழமில்லாத தட்டு, வட்டில். தட்டு எப்படி மேற்பரப்பின் நிறமாக மாறியது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உண்டு. கலைச்சொல்லாக அதை இத்தாலியில் பார்க்கிறோம். 1681-இல் ஃபிளாரன்ஸ் நகரத்து பால்தினூச்சி தொகுத்த கலைச்சொல் அகராதியில், இது ஓவியர்கள் வழங்கும் சொல் என்றும், காலம் ஓவியத்தின் மேல் கொண்டுவரும் பொதுவான கருமை என்றும் பொருள் தருகிறார். அதை ஓவியர்கள் 'தோல்' என்றும் சொல்வார்களாம். சில சமயம் அது ஓவியத்துக்கு நன்மையே செய்கிறது என்று சேர்த்திருக்கிறார். இந்தக் கடைசிக் குறிப்புதான் எனக்கு முக்கியம். பிறந்த காலத்திலேயே அந்தச் சொல்லில் வெறுப்பு இல்லை. பிறகு அது வெண்கலச் சிலையின் பச்சைக்கும், பழைய நாணயத்துக்கும், மர மேசைக்கும், துப்பாக்கிக்கும் பரவியது.

துப்பாக்கிக்கு வருவோம். வின்செஸ்டர் 1873 மாதிரியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் 7 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் அது. விரல்கள் நுழையும் வளையத்தோடு சேர்ந்த நெம்புகோலைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் வெற்று உறை வெளியே விழும். திரும்ப மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். இந்த வேலையெல்லாம் நடக்கும் இரும்புப் பெட்டி போன்ற நடுப்பகுதிக்கு ரிசீவர் என்று பெயர். தொழிற்சாலையை விட்டு வரும்போது அதன் மேல் புளூயிங் என்ற கருநீலப் பூச்சு பளபளக்கும்.

பூச்சு என்று வசதிக்காகச் சொன்னேன், உண்மையில் அது பெயிண்ட் மாதிரி மேலே தடவியது அல்ல. இரும்பின் மேற்பரப்பே ஆக்சைடாக மாறி நிற்பது. பழைய முறை ஒன்றில் இரும்பை வேண்டுமென்றே துருப்பிடிக்க வைப்பார்கள். அதைக் கொதிக்கும் நீரில் போட்டால் செந்துரு மேக்னடைட் என்ற கறுத்த இரும்பு ஆக்சைடாக மாறும். உதிரும் துகளைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி துருப்பிடிக்க வைப்பார்கள். பல சுற்றுக்குப் பிறகு ஆழ்ந்த கருநீலம் வரும். அதாவது அந்தப் புது நிறமும் அடக்கி வைத்த துருதான். ஆண்டுகள் போகப் போக, கை வியர்வையும் ஈரமும் பட்டு அந்த நீலம் தேயும். தேய்ந்த இடத்தில் வெள்ளையாக இரும்பு தெரியும். பிறகு அதுவும் மெல்ல மங்கி, எண்ணெயும் கைப்பழக்கமும் சேர்ந்து, வழுவழுப்பான அடர்பழுப்பு நிறத்தில் நின்றுவிடும். அந்தப் பழுப்புதான் பட்டினா. அதைத் துருவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. விரலால் தடவினால் ஆரஞ்சுத் தூள் ஒட்டுகிறதா? அது உயிரோடிருக்கும் துரு, இரும்பை இன்னும் தின்றுகொண்டிருக்கிறது, நிறுத்தியாக வேண்டும். தூள் வராமல் வழுக்கிக்கொண்டு போகிறதா? கை வைக்காமல் விடுவது நல்லது.

பட்டினாவைப் படிப்பது என்று சொல்லலாம், ஏனென்றால் அதில் எழுத்து மாதிரி ஒழுங்கு இருக்கிறது. ரைஃபிளை ஒரே கையில் தூக்கிக்கொண்டு நடப்பவன் எடை சமமாக நிற்கும் இடத்தில்தான் பிடிப்பான். அது ரிசீவரின் அடிப்பக்கம். அங்கே நீலம் முதலில் போகும். சேணத்தின் பக்கத்து உறையில் செருகி எடுத்ததால் குழலின் நுனி விளிம்புகள் வெளுத்திருக்கும். குட்டைக் குழல் கார்பைனாக இருந்தால் இடப்பக்கத்து இரும்பு வளையம் ஆடி ஆடி ஒரு வில் போலக் கீறியிருக்கும். இதற்கு நேர்மாறாக, கை படாத மூலைகளில், மரத்தின் அடியில் ஒளிந்த இடங்களில், பழைய நீலம் ஒட்டிக்கொண்டிருக்கும். இப்படித் தேய வேண்டிய இடம் தேய்ந்தும், தேயாத இடம் நிறம் மாறாமலும் இருந்தால் நம்பலாம். எல்லா இடமும் ஒரே சீராகப் பழுப்பாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அமிலம் தடவி ஒரே வாரத்தில் 'பழசாக்கிய' துப்பாக்கிகள் உண்டு.

இதைவிட அடிக்கடி நடப்பது மறுபடி மெருகேற்றுவது. பளபளப்பு வேண்டும் என்று சக்கரத்தில் தேய்த்துப் புதிதாக நீலம் ஏற்றிவிடுவார்கள். எண்பட்டைக் குழலின் கூரான விளிம்புகள் அப்போது மழுங்கிவிடும். பொறித்த எழுத்துகள் ஆழம் குறைந்து மங்கிவிடும். திருகாணித் துளைகளின் ஓரம் குழிந்து, சின்னக் கிண்ணம் போலாகிவிடும். மரத்தைத் தேய்த்திருந்தால் இன்னும் எளிதாகத் தெரியும்: தொழிற்சாலையில் மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயரமாக நிற்கும், தேய்த்த மரம் இரும்புக்குக் கீழே தாழ்ந்துவிடும்.

அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கம் பழந்துப்பாக்கிகளுக்கு வகுத்த தரப்பட்டியலும் இதே கண்ணோடுதான் பார்க்கிறது. 'ஃபைன்' என்ற தரத்துக்குத் தொழிற்சாலையில் ஏற்றிய முதல் நிறம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். அதற்கு அடுத்த 'வெரி குட்' தரத்தில் முதல் நிறம் அறவே இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஆனால் எல்லாப் பாகமும் அசல், மேற்பரப்பு வழுவழுப்பு, விளிம்புகள் கூர்மை, எழுத்துகள் தெளிவு என்பதில் விட்டுக்கொடுப்பதில்லை. மறுபடி நீலமேற்றிய துப்பாக்கி அதற்கும் கீழே, 'குட்' தரத்தில் போய் உட்காரும். முழுக்கப் பழுப்பேறிய ஒன்று பளபளக்கும் ஒன்றைவிட மேலே நிற்பதைப் புதிதாக வருகிறவர்கள் நம்பவே மாட்டார்கள்.

2014 நவம்பரில் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் ஜூனிப்பர் மரத்தில் சாய்ந்தபடி ஒரு 1873 வின்செஸ்டர் கிடைத்தது. வரிசை எண்ணைப் பார்த்தால் 1882-இல் செய்தது. யாரோ சாய்த்துவைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை. துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டை வெயிலில் வெளிறி வெடித்து, அடிப்பாகம் மண்ணில் புதைந்து, இரும்பெல்லாம் பழுப்பாகி நின்றது. வயோமிங் மாநிலம் கோடி நகரத்துத் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் எக்ஸ்ரே எடுத்தபோது, கட்டையின் அடியிலிருந்த அறைக்குள் ஒரு தோட்டா இருப்பது தெரிந்தது. அவர்கள் அதைப் புதிதாக்கவில்லை. உதிரும் மரத்தை நிலைப்படுத்தினார்கள், அவ்வளவுதான். மெருகேற்றியிருந்தால் அது இன்னொரு வின்செஸ்டராகியிருக்கும். மரத்தடியில் நின்ற காலமெல்லாம் அந்தப் பழுப்பில்தானே இருக்கிறது!

சரி, தமிழில் என்ன சொல்வது? களிம்பு செம்பிலும் பித்தளையிலும் ஏறும் பச்சை. நம் வீட்டில் களிம்பு என்றால் புளி போட்டுத் தேய்க்க வேண்டியது. களிம்பேறிய பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது. சைவ சித்தாந்தமும் உயிரை மறைக்கும் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பைத்தான் உவமை சொல்கிறது. போதாக்குறைக்கு இன்று மருந்துக்கடையில் களிம்பு என்றால் தோலில் தடவுவது. போக்க வேண்டிய அழுக்குக்கு வைத்த பெயரைக் காக்க வேண்டிய நிறத்துக்கும் வைத்தால், படிப்பவரின் கை தானாகப் புளியைத் தேடும். துரு என்று எழுதினால் உப்புத்தாளைத் தேடும். காலப்படலம் என்று புதிதாக ஆக்கலாம். ஓவியத்துக்கும் சிலைக்கும் பொதுச்சொல்லாக அது இருக்கட்டும். பால்தினூச்சியின் 'தோல்' என்ற எண்ணத்துக்கும் அது பக்கத்தில் வருகிறது.

ஆனால் இரும்புக்கு என் தேர்வு பழுப்பு. வெறும் நிறப்பெயர் அல்ல அது. பழுத்தல் என்பதிலிருந்து வந்தது. இலை பழுக்கிறது, பழைய புத்தகத்தின் தாள் பழுப்பேறுகிறது, அனுபவத்தையும் பழுத்த அனுபவம் என்கிறோம். வயதாவதையும் முதிர்ந்து நிறைவதையும் ஒரே வேரில் வைத்திருக்கும் சொல் இது. ஆங்கிலம் பேசும் சேகரிப்பாளர்களும் நீலம் போன ரிசீவரை 'பிரவுனாகிவிட்டது' என்றுதான் சொல்கிறார்கள், ஆக நிறமும் பொருந்துகிறது. வினையாக மாற்றவும் எளிது: "ரிசீவர் நன்றாகப் பழுத்திருக்கிறது, எழுத்துகள் கூர்மை." "குழலில் பழுப்பு இயற்கையாக இல்லை, அமிலம் தடவியது போலிருக்கிறது." "அடிப்பக்கம் பழுப்பு, மூலைகளில் பழைய நீலம், தேய்க்காமல் வைத்திருக்கிறார்கள்."