மூன்று வரித் திருத்தத்தைப் படிக்கப்போவது யார்?

யாரும் நிரலைப் படித்துத் திருத்தி அனுப்பக்கூடிய திறமூல மென்பொருள் ஒன்றில் தன் நிரலும் சேர வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி வருகிறார்கள். நன்றாக நிரல் எழுதத் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் அவர்கள் அனுப்பும் மாற்றங்கள் திரும்பி வருகின்றன. நான் பார்த்தவரை பெரும்பாலும் நிரலில் குறை இருப்பதில்லை; மறுமுனையில் அதைப் படிக்கப்போகும் மனிதரை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

என் முதல் திருத்தமும் அப்படித்தான் திரும்பியது. ஒரு குறிப்பேட்டுச் செயலி, நீளமான தலைப்பை வெட்டிக் காட்டும்போது தமிழைச் சிதைத்தது. நமக்கு 'தமிழ்' மூன்று எழுத்து. கணினிக்கு அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். நான்கோடு வெட்டினால் புள்ளி உதிர்ந்து 'தமிழ' என்று நிற்கும். இரண்டோடு வெட்டினால் 'தம'. ஓர் எழுத்தாகச் சேர்ந்து நிற்கும் குறியீடுகளை யூனிகோடு எழுத்துக் கொத்துகளாக வகுத்திருக்கிறது; அவற்றின் எல்லை பார்த்து வெட்ட வேண்டும். மூன்று வரியில் வேலை முடிந்தது.

ஆனால் சேமிக்கும்போதே என் எடிட்டர் கோப்பு முழுவதையும் தன் பழக்கப்படி சீராக்கி, டேப் இருந்த இடமெல்லாம் வெற்றிடங்களை வைத்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. நீக்கியவை சிவப்பும் சேர்த்தவை பச்சையுமாக, அறுநூறு வரிகளுக்கு மேல் மாறிய ஒரு புல் ரிக்வெஸ்ட், அதாவது மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் விண்ணப்பம், போய்ச் சேர்ந்தது. விளக்கமாக நான் எழுதியது, 'பிழை சரிசெய்யப்பட்டது'. எந்தப் பிழை, இதில் எந்த வரி என்று, வரும் மாற்றங்களைப் பார்த்துச் சேர்க்கும் பராமரிப்பாளர் கேட்டார். நியாயமான கேள்வி.

மறுமுறை அந்த மூன்று வரிகளை மட்டும் அனுப்பினேன். எந்தச் சொல், எந்த இடத்தில் வெட்டினால் என்ன தெரிகிறது, ஏன் என்று விளக்கத்தில் எழுதினேன். கூடவே ஒரு சோதனை நிரல்: பழைய நிரலில் தோற்கும், புதியதில் தேறும். அவருக்குத் தமிழ் தெரியாது. அந்தச் சோதனையை ஓட்டிப் பார்த்துத்தான் நம்பினார், மறுநாளே சேர்த்துக்கொண்டார்.

அதனால் எல்லோரிடமும் ஒன்றை வற்புறுத்துகிறேன்: அனுப்பும் முன், மாறிய வரிகளைக் காட்டும் 'கிட் டிஃப்' கட்டளை தருவதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நீங்களே படியுங்கள். நீங்கள் தொட நினைக்காத வரி ஒன்று தென்பட்டாலும் அதை எடுத்துவிடுங்கள். பெரிய மாற்றம் என்றால், எழுதத் தொடங்கும் முன்பே அது தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

உரிமை விஷயத்தில் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு அனுப்பும் ஒவ்வொரு பேட்சிலும், அதாவது மாற்றத்திலும், 'சைன்ட்-ஆஃப்-பை' என்ற வரி இருக்க வேண்டும். 2004இல் வந்த வழக்கம் இது. இந்த நிரலை இத்திட்டத்தின் உரிமத்தின்கீழ் தர எனக்கு உரிமை உண்டு என்று பெயர் போட்டு உறுதி சொல்வதே அதன் பொருள். அலுவலகத்தில் எழுதிய நிரலின் உரிமை பெரும்பாலும் நிறுவனத்துடையது. வேலை ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படித்துவிட்டு அனுப்புங்கள்.

அனுப்பிய பிறகு நெருக்காதீர்கள். இதை வெறும் நாகரிகமாக நான் சொல்லவில்லை. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்ஸெட் என்ற மென்பொருளை ஒருவர் ஏறத்தாழ ஒற்றை ஆளாக, ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். வேலை மெதுவாக நடக்கிறது என்று 2022இல் சில இணையக் கணக்குகள் அவரை விடாமல் நச்சரித்தன. அதற்கிடையே பொறுமையாக பேட்ச் அனுப்பி நம்பிக்கை பெற்ற 'ஜியா டான்' என்ற பெயர்கொண்டவர் இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள், அந்நியர் ரகசியமாக உள்ளே நுழைய வழிவிடும் பின்கதவு புகுந்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். களைத்துப்போன ஒரு மனிதரை அவசரப்படுத்துவதே அங்கே ஆயுதமாகியிருக்கிறது. அன்றிலிருந்து 'எப்போது சேர்ப்பீர்கள்?' என்ற கேள்வியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது.

கர்னல் வழிகாட்டி, நினைவூட்டும் முன் குறைந்தது ஒரு வாரம் பொறுக்கச் சொல்கிறது. அந்த வாரத்தில், வரிசையில் காத்திருக்கும் வேறொருவரின் மாற்றத்தை உங்கள் கணினியில் ஓட்டிப் பாருங்கள். எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, என்ன நடந்தது என்று அதன் கீழே நான்கு வரி எழுதுங்கள். பராமரிப்பாளருக்கு அன்று ஒரு மணி நேர வேலை குறையும்.