நாடு கடத்தப்பட்ட துணைக்கு கிரீன் கார்டு: மனுவுக்கு முன் பழைய உத்தரவைப் படியுங்கள்

அமெரிக்கக் குடிவரவு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில் என்னைச் சந்திக்க வரும் தம்பதியரில் பலர், "திருமணம் பதிவாகிவிட்டது, நான் அமெரிக்கக் குடிமகன், இனி என்ன தடை?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். துணைக்காகக் குடிமகன் அளிக்கும் ஐ-130 மனு அந்தத் திருமணம் உண்மையானது என்பதை நிலைநாட்டுமே தவிர, முன்பு நாடு கடத்தப்பட்ட ஒருவர் மீண்டும் உள்ளே வரலாமா என்ற கேள்விக்கு விடை தராது. மனு ஏற்கப்பட்ட மகிழ்ச்சியோடு தூதரக நேர்காணலுக்குப் போய், அங்கே விசா மறுக்கப்பட்ட பிறகே இதை அறிந்துகொள்ளும் குடும்பங்களின் வேதனையைப் பார்த்திருப்பதால், முதல் வேலையாக, முன்பு வெளியேற்றப்பட்டபோது தரப்பட்ட பழைய ஆவணத்தைக் கேட்கிறேன்.

குடும்பத்தார் "நாடு கடத்திவிட்டார்கள்" என்று சொல்வதெல்லாம் சட்டத்தின் பார்வையில் நாடு கடத்தல் ஆகிவிடாது. விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டவர் கையில் இருப்பது ஐ-275 படிவமாக இருந்து, நுழைவு விண்ணப்பத்தைத் தாமே திரும்பப் பெற்றதாக அதில் பதிவாகியிருந்தால், நாடு கடத்தலுக்கான தடைக்காலம், அதாவது மீண்டும் நுழைய முடியாத காலம், அவருக்கு இல்லை. அதே நாளில், அதே அதிகாரி முன்னிலையில் ஐ-860 என்னும் உடனடி வெளியேற்ற உத்தரவு வழங்கப்பட்டிருந்தால் 5 ஆண்டுத் தடை உண்டு. இதற்கு நேர்மாறாக, குடிவரவு நீதிமன்றம் பிறப்பித்த வெளியேற்ற உத்தரவு நிறைவேற்றப்படாமல் இருக்கும்போது சொந்தச் செலவில் விமானம் ஏறிப் போனவர், தம்மை யாரும் அனுப்பவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தாலும், நாடு கடத்தப்பட்டவராகவே கருதப்படுவார். காகிதம் தொலைந்திருந்தால் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கோப்பின் நகலைக் கேட்டுப் பெறலாம். அது வந்து சேரும்வரை பொறுத்திருப்பதே நல்லது.

நீதிமன்ற உத்தரவின்பேரில் வெளியேற்றப்பட்டவருக்குத் தடைக்காலம் பொதுவாக 10 ஆண்டுகள், இரண்டாம் முறையென்றால் 20 ஆண்டுகள். சட்டம் மிகக் கடுமையானவையெனப் பட்டியலிட்டுள்ள குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவருக்கு வாழ்நாள் முழுவதும். அந்தக் காலத்தை வெளிநாட்டில் கழித்து முடிக்கும் முன்பே வர விரும்புபவர் ஐ-212 விண்ணப்பத்தின் மூலம் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி தருவது அதிகாரியின் விருப்புரிமைக்கு உட்பட்டது என்பதால், வெளியேறி எவ்வளவு காலமாயிற்று, அதன்பின் அவருடைய நடத்தை எப்படி, குடும்பப் பொறுப்புகள் என்ன என்பவற்றை ஆதாரங்களோடு சொல்ல வேண்டியிருக்கும்.

ஓராண்டு அல்லது அதற்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிவிட்டு வெளியேறியவருக்கு வேறொரு 10 ஆண்டுத் தடையும் சேர்ந்துகொள்ளும். அதற்கு ஐ-601 என்னும் தனி விலக்கு தேவை. குடிமகனோ நிரந்தர வசிப்பாளரோ ஆன துணைக்கு அல்லது பெற்றோருக்கு மிகக் கடுமையான இன்னல் நேரும் என்று இதில் நிறுவ வேண்டும். பிள்ளைகளின் துன்பம் நேரடியாகக் கணக்கில் வராது. அது இங்குள்ள தாயையோ தந்தையையோ எப்படிப் பாதிக்கிறது என்ற வழியாகவே வரும். இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் பிள்ளையின் மருத்துவ, பள்ளி ஆவணங்களை அந்தக் கோணத்தில் முன்வைக்கும்போது அவற்றுக்கு மதிப்புண்டு.

பிரிவின் துயரத்தில் சிலர் எல்லையை மறைவாகக் கடக்க எண்ணுகிறார்கள். அப்படி நுழைந்தவர் நிரந்தரத் தடைக்கு உள்ளாகி, மீண்டும் வெளியேறி 10 ஆண்டுகள் வெளியே இருந்த பிறகே ஐ-212 கேட்கவும் முடியும். குற்றவழக்கும் சிறையும் நேரலாம். விசா படிவத்தில் பழைய உத்தரவை மறைப்பதும் இதே அளவு ஆபத்தானது. கைரேகைப் பதிவு அதைக் காட்டிக்கொடுத்துவிட்டால், சில ஆண்டுகளில் முடிந்திருக்கக்கூடிய தடையோடு, பொய்யுரைத்ததற்கான ஆயுட்காலத் தடையும் சேர்ந்து, அதற்கும் ஐ-601 கேட்க வேண்டிய நிலை வரும்.