காலியான வங்கிக் கணக்கும் கோடி ரூபாய் வரி நோட்டீசும்

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண் ஒருவருக்கு மகளிர் உரிமைத்தொகை மறுக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்பனை செய்து ஜி.எஸ்.டி. செலுத்தும் நிறுவனத்தின் உரிமையாளர்களுக்கு அந்தத் தொகை கிடையாது என்பது திட்டத்தின் விதி. அவருடைய விண்ணப்பத்துக்கு எதிரே அந்தக் காரணம்தான் பதிவாகியிருந்தது. இதைத் தவறுதலாக நேர்ந்த பதிவு என்று வீட்டில் எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்த நாட்களில், வேறொரு மாநிலத்தின் வரி அலுவலகத்திலிருந்து ஒரு கோடி ரூபாயைத் தாண்டிய தொகைக்கு நோட்டீஸ் தபாலில் வந்து சேர்ந்தது. அவர் பார்த்தேயிராத ஊரில், அவர் பெயரில், இரும்புக் கழிவு வியாபாரம் நடந்திருக்கிறது. வேலூரில் வரி வழக்குகளைக் கவனிக்கும் வழக்கறிஞர் என்ற முறையில் இத்தகைய நோட்டீசுகளை ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று இந்தப் பகுதி முழுவதிலிருந்தும் வருபவர்களின் கையில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். இனியும் இதை அலுவலகத்துக்குள் மட்டும் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர், தோல் ஷாப்பில் கூலிக்குப் போகிறவர், லுங்கித் தறி ஓட்டுபவர் என்று யார் வந்தாலும் முதலில் சொல்வது ஒன்றுதான். “பேங்க்ல முந்நூறு ரூபாகூட இல்ல சார், எங்கிட்ட இன்னா கீது எடுக்கறதுக்கு?” படித்தவர்களும் இதையே வேறு சொற்களில் சொல்கிறார்கள்: “கணக்கிலிருந்து பணம் எதுவும் போகவில்லை, அதனால் பிரச்சினை இல்லை.” இந்த எண்ணம்தான் என்னை அதிகமாக வருத்துகிறது. எத்தனை முறை விளக்கினாலும் இது மறுபடியும் முளைத்து வருவதால், இங்கே சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

போலி நிறுவனம் தொடங்குகிறவனுக்கு உங்கள் பணம் தேவையில்லை. அவனுக்கு வேண்டியது உங்கள் பெயர். அந்தப் பெயரில் ஜி.எஸ்.டி. பதிவு எண் ஒன்றை வாங்கி, சரக்கே நகராமல் விலைப்பட்டியல்களை மட்டும் எழுதி விற்பான். அதை வாங்குகிறவன் கட்டாத வரியைக் கட்டியதாகக் கணக்குக் காட்டித் தன் வரியைக் குறைத்துக்கொள்வான். விசாரணை தொடங்கும்போது இருவரும் காணாமல் போயிருப்பார்கள், பதிவில் இருக்கும் பெயருக்குரியவர் மட்டும் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருப்பார். இந்த வேலைக்குப் பணக்காரருடைய பெயர் உதவாது. அவருக்குக் கணக்குப் பிள்ளை இருப்பார், ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்குத் தாக்கலாகும், தன் பான் எண்ணில் புதிதாக ஏதாவது சேர்ந்தால் சில மாதங்களில் தெரிந்துவிடும். வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாதவர், வரித்துறை இணையதளத்தை ஒருநாளும் திறந்து பார்த்திராதவர், மின்னஞ்சல் முகவரி இல்லாதவர், வழக்கறிஞரை அழைத்துக்கொண்டு வர வசதியில்லாதவர் என்று தேடித்தான் எடுக்கிறார்கள். ஆகவே, உங்கள் கணக்கு காலியாக இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு அன்று. அதனால்தான் உங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதற்கு அடுத்தபடியாக நான் கேட்பது, “நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை” என்பது. இது உண்மைதான், ஆனால் இன்றைய நடைமுறையில் அது போதாது. தனிநபர் உரிமையிலான நிறுவனத்துக்கு ஜி.எஸ்.டி. பதிவு கேட்கும் விண்ணப்பத்தில் பேனாவால் கையெழுத்திடும் இடமே கிடையாது. கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.தான் அங்கே கையெழுத்து. நம் பாட்டன் காலத்தில் வெற்றுப் புரோநோட்டில் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு நிலத்தை இழந்தவர்களின் கதைகளை இந்தப் பகுதியில் கேட்காத குடும்பம் இருக்காது. முன்பின் தெரியாதவரிடம் ஓ.டி.பி. சொல்வதும், கைபேசியைப் பத்து நிமிடம் கொடுத்துவைப்பதும் அதே காரியம்தான். “எனக்கு பான் கார்டே கிடையாதே” என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். ஆதார் எண்ணும் அதனுடன் இணைந்த கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் இருந்தால், இதுவரை பான் பெறாத ஒருவர் பெயரில் மின்னணு பான் அட்டையைச் சில நிமிடங்களில், கட்டணமே இல்லாமல் பெற்றுவிட முடியும். தமக்கு பான் எண் இருப்பதையே வரி நோட்டீசைப் பார்த்து அறிந்துகொண்டவர்கள் உண்டு.

இந்த ஆவணங்கள் எங்கே கைமாறுகின்றன என்று கேட்டால், பெரும்பாலோர் ‘கடன் வாங்கித் தருகிறேன்’ என்று வந்தவரைச் சொல்கிறார்கள். குழுக் கடனுக்கு அலைகிற பெண்ணிடம் இரண்டு ஆதார் நகல், பான் நகல், மின் கட்டண ரசீது, புகைப்படம் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, “கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது” என்று சில வாரம் கழித்துச் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. கடன் கிடைக்காத ஏமாற்றத்தில் நகல்களைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஜி.எஸ்.டி. பதிவுக்குக் கேட்கப்படும் ஆவணங்களும் ஏறத்தாழ இவையேதான்.

வேலையிடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் முதலாளிகளுக்குப் பொறுப்புண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்களைச் சேர்க்கும் மேஸ்திரி அவர்களுடைய ஆதாரைப் படமெடுத்து வாட்ஸப் குழுவில் போடுகிறார். பி.எஃப். கணக்குக்காக அலுவலகத்தில் ஒருவர் அதைப் பதிவிறக்குகிறார். ஆண்டுகள் பல கடந்தும், வேலையை விட்டுப் போனவர்களின் ஆவணங்கள்கூட அந்தக் குழுவிலேயே கிடக்கின்றன. குழுவில் இருப்பவர்கள் யார் யார் என்று எந்த மேலாளருக்காவது தெரியுமா? 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. திரட்டிய தரவைக் காக்கத் தகுந்த ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது. நம் தொழிற்சாலைகள் அந்த அபராதத்துக்குக் காத்திருக்காமல், ஆவணங்களை ஒரே ஒருவர் பொறுப்பில் பெறுவதையும், வாட்ஸப்பில் சுற்றவிடாமல் இருப்பதையும் இன்றே தொடங்கலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

அரசியல் கட்சிகளுக்கும் இது பொருந்தும், எந்தக் கட்சியையும் விட்டுவிட்டு இதைச் சொல்லவில்லை. 2025 ஜூலையில் தி.மு.க.வின் உறுப்பினர் சேர்க்கை இயக்கத்தில் ஓ.டி.பி. பெறுவதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தரவு தவறாகப் பயன்பட்டது என்று நான் சொல்லவில்லை. என் கவலை வேறு. வீட்டு வாசலில் நிற்கும் கட்சிக்காரர் கேட்டால் ஓ.டி.பி. சொல்லலாம் என்ற பழக்கம் ஒருமுறை ஏற்பட்டுவிட்டால், அடுத்த வாரம் அதே கரை வேட்டியோடு வரும் மோசடிக்காரரையும் மக்கள் அப்படியே நம்புவார்கள். பணப் பட்டுவாடா புகாரால் 2019 இல் மக்களவைத் தேர்தலே ரத்தாகி, பிறகு ஆகஸ்ட் மாதம் தனியாக வாக்களித்த தொகுதி நம்முடையது. தேர்தல் காலத்தில் கைமாறும் பணத்தைப் பற்றி அப்போதிருந்து நிறையப் பேசியிருக்கிறோம், அந்த நேரத்தில் கைமாறும் ஆதார் நகல்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு கட்சியில் சேரவோ, ஒரு வேட்பாளருக்கு வாக்களிக்கவோ, அரசுத் திட்டத்துக்கு ‘பெயர் கொடுக்கவோ’ தெருவில் நிற்கும் தனிநபரிடம் ஓ.டி.பி. சொல்ல வேண்டிய தேவை எதுவும் இல்லை.

மக்களை மட்டும் கடிந்துகொண்டு அரசை விட்டுவிடுவது நியாயமாகாது. பதிவு கேட்டு வரும் விண்ணப்பத்தின் மீது அதிகாரி ஏழு வேலை நாட்களுக்குள் எதுவும் செய்யாவிட்டால், பொதுவாக அது ஏற்கப்பட்டதாகவே கருதப்படும் என்பது விதி. சந்தேகத்துக்குரிய விண்ணப்பதாரர்களை நேரில் வரவழைத்துக் கைரேகை பெறும் முறை இப்போது வந்திருப்பது நல்லதே, ஆனால் அதற்கு முன் நுழைந்தவை பல இன்னும் வெளிவந்துகொண்டிருக்கின்றன. அதைவிடக் கொடுமையானது நோட்டீஸ் அனுப்பும் முறை. நோட்டீஸ் இணையதளத்தில் பதிவேற்றப்படும், அதன் தகவல் பதிவில் உள்ள கைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் போகும். அந்தக் கைபேசியும் மின்னஞ்சலும் மோசடிக்காரனுடையவை. பாதிக்கப்பட்டவருக்கு ஒன்றுமே தெரியாமல் விசாரணை முடிந்து, ஒருதலையாக உத்தரவும் பிறந்து, வங்கிக் கணக்கு முடக்கப்படும் நாளில்தான் விஷயம் வெளியே வருகிறது. இணையதளத்தில் பதிவேற்றியதோடு நின்றுவிடாமல் மற்ற வழிகளிலும் நோட்டீசைச் சேர்ப்பிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. அதிகாரிகள் பான் அட்டையிலும் ஆதாரிலும் உள்ள முகவரிக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பினாலே பாதி வழக்குகள் தொடக்கத்திலேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

இப்போது செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். ஆதார் நகல் கொடுத்தே ஆகவேண்டிய இடத்தில், எண்ணின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்து வழங்கும் நகலை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள். நகலின் குறுக்கே, எந்த நிறுவனத்துக்கு, எந்தக் காரியத்துக்கு, எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள் என்று பேனாவால் எழுதுங்கள். எழுத்து படத்தின் மீதும் எண்ணின் மீதும் படவேண்டும், ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள். ஜெராக்ஸ் கடையிலும் பிரவுசிங் சென்டரிலும் வாட்ஸப்பில் அனுப்பி அச்செடுத்தால், கடைக்காரரின் கணினியிலிருந்து கோப்பை உங்கள் கண்முன்னே நீக்கச் சொல்லுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆதார் கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியும் உண்டு. ஆனால் ரேஷன் கடையில் விரல் வைத்துப் பொருள் வாங்குபவர்கள் ஒவ்வொரு முறையும் அதைத் திறக்க வேண்டியிருக்கும் என்பதால், வீட்டில் கைபேசியைக் கையாளத் தெரிந்தவர் இருந்தால் மட்டும் அதைச் செய்யச் சொல்கிறேன். உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்பதை ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தில் பார்த்து, உங்களுடையது அல்லாததை அங்கேயே புகார் செய்யலாம்.

இதைப் படிக்கிற இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மா, அப்பா, பாட்டி ஆகியோரின் பான் எண்ணை எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. இணையதளத்துக்குச் செல்லுங்கள். வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில், பான் எண்ணை இட்டுத் தேடும் வசதி இருக்கிறது. உள்நுழையவோ கட்டணம் செலுத்தவோ வேண்டாம். அந்தப் பான் எண்ணில் இந்தியா முழுவதும் எங்கெங்கே பதிவு இருக்கிறது என்பது மாநில வாரியாகத் தெரியும். பதினைந்து இலக்கப் பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், 33 என்றால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகம், 37 என்றால் ஆந்திரம், 07 என்றால் தில்லி. அடுத்த பத்து இலக்கங்கள் பான் எண். பதிவு எதுவும் இல்லை என்று வந்தாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பப் பாருங்கள்.

பதிவு இருப்பது தெரிந்தால் பதறிப்போய்த் தரகரிடம் ஓடாதீர்கள். “ஐயாயிரம் கொடுங்கள், கேன்சல் செய்து தருகிறேன்” என்பவர் உங்கள் பெயரிலேயே உள்நுழைந்து, வியாபாரத்தை மூடுவதாக விண்ணப்பிப்பார். நடந்த வியாபாரம் உங்களுடையதுதான் என்று நீங்களே எழுதிக் கொடுப்பதற்கு அது சமம். சரியான வழி, பான் எண்ணைத் தவறாகப் பயன்படுத்திப் பதிவு செய்திருப்பதாக ஜி.எஸ்.டி. இணையதளத்தில் புகார் செய்வது, அந்தப் பதிவு எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறதோ அந்த அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் எழுதுவது, மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்து ரசீது பெறுவது. உரிமைத்தொகை மறுக்கப்பட்டிருந்தால் கோட்டாட்சியரிடம் செய்யும் மேல்முறையீட்டில் இந்த நகல்களையும் சேருங்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டிருந்தால் அதற்குப் பதில் கொடுக்கும் நாளைத் தவறவிடாதீர்கள், தெய்வத்தின் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து எடுத்துவராதீர்கள். உத்தரவு வந்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம்தான் அவகாசம், தக்க காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம். மேல்முறையீடு செய்வதற்கே தகராறில் உள்ள வரியில் பத்து சதவீதத்தை முன்கூட்டிக் கட்ட வேண்டும், ஒரு கோடி ரூபாய் வரி என்றால் அது பத்து லட்சம். கட்ட முடியாதவர்கள் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு நிவாரணம் பெற முயலலாம், ஆனால் எவ்வளவு சீக்கிரம் வருகிறீர்களோ அவ்வளவுக்கு வாதாட இடம் இருக்கும். வழக்கறிஞரைப் பார்க்க வரும்போது நோட்டீசை அது வந்த உறையோடு கொண்டுவாருங்கள், அஞ்சல் முத்திரையின் தேதி தேவைப்படும். பீடிக் கம்பெனி பாஸ்புத்தகம், பி.எஃப். சீட்டு, ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புத்தகம் என்று அந்தக் காலத்தில் நீங்கள் எங்கே, என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள் என்பதைக் காட்டும் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். யாரிடம், எப்போது, எதற்காக ஆவணங்களைக் கொடுத்தீர்கள் என்பதையும் நினைவிருக்கும் வரை ஒரு தாளில் எழுதி வாருங்கள்.