ஹைட்ரோமீட்டர் காட்டிய எண்ணை நம்பிச் சர்க்கரை சேர்க்கும் முன்

வீட்டில் பீர் தயாரிப்போருக்கான பொருள்களை விற்கும் கடையொன்றில், இங்கிலாந்தில், பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். சொந்த உபயோகத்திற்கு உரிமம் இல்லாமலேயே பீர் தயாரிக்க இந்நாட்டில் 1963-இலிருந்து வழியுண்டு. புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் மால்ட் எக்ஸ்ட்ராக்டைத்தான் (முளைகட்டிய பார்லியின் இனிப்பை இறக்கிச் சுண்டவைத்த பாகு அல்லது தூள்) வாங்குகிறார்கள். முதல் வாரத்திலேயே பலர் திரும்பி வந்து, செய்முறையில் கண்ட ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; கரைந்த சர்க்கரை கூடினால் இதுவும் கூடும்) தங்களுக்கு வரவில்லை என்று வருந்துகிறார்கள்.

சென்ற குளிர்காலத்தில் வந்த இளைஞர் ஒருவர் 3 கிலோ திரவ எக்ஸ்ட்ராக்டைக் கொதிக்கவைத்து, குளிர்ந்த நீர் சேர்த்து 20 லிட்டராக்கியிருந்தார். 1.045 இருக்க வேண்டிய இடத்தில், ஒப்படர்த்தியை அளக்கும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டர் 1.030 காட்டியதும் பதறிப்போய் அரை கிலோ சர்க்கரையைக் கரைத்து ஊற்றிவிட்டார். அவருடைய பீரில் முதலில் எந்தக் குறையும் இருக்கவில்லை; 4.5 சதவீத ஆல்கஹாலில் முடிய வேண்டியது சர்க்கரையால் 6 சதவீதத்தை நெருங்கியதுதான் மிச்சம்.

முளைகட்டிய பார்லியை நாமே ஊறவைத்து இனிப்பை இறக்கும்போது, அரைத்த பதத்தையும் வெப்பத்தையும் பொறுத்துக் கிடைக்கும் அளவு மாறும். எக்ஸ்ட்ராக்டிலோ அந்த வேலையை ஆலையே முடித்துத் தந்துவிடுகிறது. ஒரு கிலோ திரவ எக்ஸ்ட்ராக்ட் ஒரு லிட்டர் கரைசலில் ஏறத்தாழ 300 புள்ளிகளையும் (ஒப்படர்த்தி 1.000-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு 0.001-உம் ஒரு புள்ளி), தூள் எக்ஸ்ட்ராக்ட் 370 புள்ளிகளையும் தரும். மூன்று கிலோவுக்கு 900. அதை 20-ஆல் வகுத்தால் 45, அதாவது 1.045. எடையும் கொள்ளளவும் சரியாக இருந்து, டப்பாவின் அடியில் ஒட்டியதையும் வெந்நீரால் அலசிச் சேர்த்திருந்தால், இந்தக் கணக்கு பதினைந்து புள்ளி பிசக வழியே இல்லை. ஆகவே முதலில் சந்தேகிக்க வேண்டியது அளந்த விதத்தைத்தான்.

அந்த இளைஞருக்கு நேர்ந்தது மிகப் பொதுவான ஒன்று. கலக்காத பானகத்தில் மேல்நீர் சப்பென்றும் அடியில் வெல்லம் திகட்டும்படியும் இருப்பதைப் போல, கெட்டியான கரைசல் அடியில் தங்க, பின்னால் ஊற்றிய நீர் மேலே மிதந்திருக்கிறது. அவர் மேலிருந்து மொண்டு அளந்தார். வாளியின் அடியிலுள்ள குழாயில் பிடித்திருந்தால் எண் மிகுதியாக வந்திருக்கும். கடையில் ஒரு கண்ணாடிக் குடுவையில் இதைச் செய்து காட்டினேன்: பழுப்புநிற இழைகள் நெளிந்து நெளிந்து கீழே இறங்கி, அடியில் ஒரு படலமாகப் படிந்ததை அவர் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஈஸ்ட் போடும் முன் ஐந்து நிமிடமாவது நன்றாகக் கலக்கிவிட்டு அளந்தால் போதும்.

சூடும் ஏமாற்றும். 20 பாகை செல்சியஸில் அளக்க வேண்டிய கருவியை 40 பாகைக் கரைசலில் விட்டால் ஏறத்தாழ ஆறு புள்ளி குறைத்துக் காட்டும். வாளியின் லிட்டர்க் கோடுகளையும் ஒருமுறை அளவுக்குவளையால் சோதித்துவிடுங்கள். காய்ச்சி வடித்த நீரில் 20 பாகையில் உங்கள் ஹைட்ரோமீட்டர் 1.000 காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

தொடக்க எண்ணில் ஏற்படும் பிழை பீரின் வலிமையை மட்டுமே பாதிக்கும். நொதித்தல் முடிவில் எடுக்கும் இறுதி எண்ணில் பிழை ஏற்பட்டு முன்கூட்டியே அடைத்துவிட்டால், எஞ்சிய சர்க்கரை நொதித்துக் கண்ணாடிப் புட்டியையே வெடிக்கச் செய்யும் என்பதால், அதைப்பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். கரியமில வாயுக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டால் ஹைட்ரோமீட்டர் மேலெழும்பி, எண்ணைக் கூட்டிக் காட்டும். மாதிரியை இரு குவளைகளுக்கிடையே ஆற்றி, வாயு நீங்கிய பின் அளக்க வேண்டும். ஒளி வளைவதைக் கொண்டு சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரோ ஆல்கஹாலால் குழம்பிவிடும்: 12 பிரிக்ஸில் (சர்க்கரையின் எடைச் சதவீத அளவு) தொடங்கியது 6-இல் நின்றால் 1.024 என்று நினைக்கத் தோன்றும், உண்மை 1.010-ஐ ஒட்டியிருக்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் 1.020-இல் நின்றுவிட்டால், ஈஸ்ட் பழையதாகவோ குறைவாகவோ குளிரில் உறங்கியோ இருக்கலாம். சில எக்ஸ்ட்ராக்டுகளில் நொதிக்காத சர்க்கரை மிகுதி என்பதும் உண்டு. வாளியை 20 பாகைக்கு ஏற்றி, மெல்ல அசைத்துவிட்டு, ஒரு வாரம் காத்திருங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் மாறாமல் இருந்தால் மட்டுமே புட்டியில் அடைக்கலாம். நொதிக்க எஞ்சிய ஒவ்வொரு புள்ளியும் பீரின் கொள்ளளவில் ஏறத்தாழ அரைப் பங்கு வாயுவைக் கூட்டும். நான்கு புள்ளி எஞ்சியிருந்தாலே, வழக்கமான இரண்டரைப் பங்கு நாலரையாகிவிடும். சாதாரணப் பீர்ப் புட்டி அதைத் தாங்கும் என்று நம்பி இருக்க முடியாது.

அவசரப்பட்டு அடைத்துவிட்டோம் என்று தெரிந்தால், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, புட்டிகளைக் கனத்த துணியால் மூடிக் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகே, ஒவ்வொன்றாக, மூடியைச் சற்றே நெம்பி வாயுவை விடுங்கள்.